ஐரோப்பாவில் பையைப் பார்த்துக்கொண்டோம்

நான் ஈரோட்டைத் தாண்டி அதிகம் போனவனில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒன்றரை மாத ஐரோப்பாப் பயணத்தை முடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அங்கே பெஞ்சுகள் நன்றாக இருக்கின்றன. பாரிஸில் பச்சை வர்ணம் அடித்து முதுகுக்கு வாட்டமாகச் சாய்த்திருக்கிறார்கள். வியன்னாவில் இரும்புக் கைப்பிடி. ரோமில் மட்டும் வெறும் கல், காலையில் உட்கார்ந்தால் குளிர் எலும்பு வரைக்கும் ஏறும். சால்வையை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

உட்கார்ந்தது என் தங்கை கருணாம்பிகை. நினைவுதான் என்னுடையது.

பங்குப் பயணத்தைப் பற்றி இன்று விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் சித்தப்பா மாதிரி நம்பாதவர்கள் இன்னும் இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பமே பங்கு போட்டு ஒருவரை அனுப்பும். போகிறவரின் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு பொட்டு ஒட்டிவிடுவார்கள். அவர் பார்த்தது, கேட்டது, தின்றது, அலுத்துக்கொண்டது எல்லாம் அதில் சேரும். திரும்பியதும் நினைவு மையத்துக்குப் போய் மற்றவர்கள் ஒரு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்துகொண்டால், அவ்வளவும் அவர்களுக்குள் ஊற்றப்படும். சினிமா பார்த்தது போல இருக்காது. போன வருடம் பழனிக்குப் போய்வந்தது எப்படி நினைவிருக்குமோ அப்படி இருக்கும்.

யாரை அனுப்புவது என்பதில்தான் குடும்பங்கள் அடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை வரவில்லை. எனக்குச் சர்க்கரை. என் மனைவி பூங்கொடிக்குக் கோபி வரை பஸ்ஸில் போனாலே குமட்டும். தம்பி மயில்சாமி எங்கே போனாலும் சட்னியில் குறை கண்டுபிடிப்பவன், அவனை அனுப்பினால் நாலு பேருக்கும் ஒன்றரை மாதப் புகார்தான் வந்து சேரும். மிச்சம் கருணா. கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனை இழந்து எங்களோடு வந்தவள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு வாங்கியிருந்தாள். எதையும் குறை சொல்லாத நாக்கு, எதையும் நின்று பார்க்கும் கண். நால்வருக்காக ஊர் பார்க்க இதைவிட ஆள் கிடைக்குமா?

"அம்மிணி, வியன்னால ஒரு அரமனை இருக்குதாம். உள்ள போயி அந்தக் கூரைய நல்லா அண்ணாந்து பாத்துப்போட்டு வரோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று வழியனுப்பும்போது சொன்னேன்.

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்தவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே தனக்குத்தானே சிரித்தாள். அப்புறம் அரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மையத்துக்குப் போகலாம் என்றால் தலைவலி என்றாள். மறுநாள் அமாவாசை என்றாள். அமாவாசைக்கும் நினைவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்பதற்குள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். எங்கேயோ எதையோ தொலைத்துவிட்டு மறைக்கிறாள் என்று நான் முடிவுகட்டினேன். பூங்கொடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, உங்களுக்கு எதுவுமே விளங்காது என்று அர்த்தம்.

ஒருவழியாக நால்வரும் மையத்துக்குப் போனோம். அங்கே ஜெசிந்தா என்று ஒரு பெண். சுறுசுறுப்பான பிள்ளை. பொட்டைக் கழற்றி எடுத்தவுடனே கருணா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, இதுல கொஞ்சம் வெட்டிக்கலாமுங்களா?"

"எந்த ஊரை வெட்டோணும்?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"எல்லா ஊர்லயும் கொஞ்சம் கொஞ்சமுங்கண்ணா."

"அதெப்படி? பங்கு போட்டது முழுசுக்குமில்ல? இட்லியக் கிள்ளி வெச்சுட்டுக் குடுத்த மாதிரியல்லோ ஆயிரும்!"

ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, வெட்டறதும் விடறதும் போயிட்டு வந்தவங்க உரிமைங்க. நீங்க கேக்க முடியாது. ஆனா அம்மா, நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோணும். பொட்டுல இருக்கறதும் உங்க மனசுல இருக்கறதும் இன்னும் ஒரே இழைங்க. இங்க வெட்டினா அங்கயும் போயிரும். அப்பறம் அப்படி ஒண்ணு நடந்ததே உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"துளிகூடவா?"

"துளிகூட இருக்காதுங்க."

"வெட்டாம, அதுல இருக்கற... அந்த மனசை மட்டும் எடுத்துரலாமுங்களா?"

"முடியாதுங்க. பாத்ததோட சேந்துதான் மனசும் போகும்."

கருணா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னிடம் வந்ததும் பார்வை கீழே இறங்கிவிட்டது. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெட்ட வேண்டாமுங்க. அப்படியே ஊத்தீருங்க" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. கை மட்டும் நடுங்கியது.

நான் வெற்றி பெற்றவனாக நாற்காலியில் சாய்ந்தேன்.

எழுந்தபோது சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. முதலில் வாய் திறந்தவன் மயில்சாமி.

"அண்ணா, அரமனைக்குள்ள போனமா நாம?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லடா. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம்."

"அந்தப் பெரிய கோபுரத்துல ஏறினமா?"

"ஏறல. கீழ பெஞ்சுல உக்காந்திருந்தோம்."

"ஒன்றரை மாசம் பெஞ்சுலயேவா உக்காந்திருந்தோம்?"

அப்போதுதான் அந்தப் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்தது. மயில்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பூங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்க்காத முகத்தை. கருணா அறையில் இல்லை, வெளியே போய் எங்களுக்காகக் காத்திருந்தாள்.

நடந்தது இதுதான். பெரிய பைகளோடு அரண்மனைக்குள் விடமாட்டேன் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் சுற்றுலாக் கோஷ்டி ஆட்கள் பையில்லாமல் நடமாடுகிறவர்களா? ஒவ்வொருவர் பையிலும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், மாற்றுத்துணி. பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ஆனால் நம் ஆட்கள் பூட்டை நம்பமாட்டார்கள், ஆள் உட்கார்ந்திருந்தால்தான் நம்புவார்கள். "யாராச்சும் ஒருத்தர் இருங்களேன்" என்றார் வழிகாட்டி.

என் கை, அதாவது அவள் கை, தானாக எழுந்தது. எழும்போதே தலைக்குள் ஒரு குரல் கேட்டது. 'கருணா, நீ பையைப் பாத்துக்கோ. நாங்க போயிட்டு வந்தர்றோம்.' பழனி அடிவாரத்தில், ஊட்டிப் பூங்காவில், கொடிவேரி அணையில், எங்கே போனாலும் சொல்லப்பட்ட அதே வாக்கியம். குரல் என்னுடையது. அது இவ்வளவு அதிகாரமாக ஒலிக்கும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அதே நேரத்தில் கூட்டத்தில் இன்னொரு கையும் எழுந்தது. "நான் பாத்துக்கிடுதேன், நீங்கல்லாம் போயிட்டு வாங்க" என்றார் அந்தக் கைக்காரர். அவர்தான் ஆவுடையப்பன். தூத்துக்குடிக்காரர். மனைவி தவறிப் பல வருடமாகிறது. அவருடைய வீட்டிலும் பங்குப் பயணம்தான், குடும்பமே சேர்ந்து அனுப்பியிருந்தது.

எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, மனுஷர் அரைக்கைச் சட்டையோடு பனியில் உட்கார்ந்திருந்தார்.

"குளிரலீங்களா?" என்று கருணா கேட்டாள்.

"நான் ஐஸ் பேக்டரி நடத்துனவன்மா. இது எனக்கு ஆபீஸ் மாதிரில்லா" என்றார்.

அப்புறம் மஞ்சப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். தூத்துக்குடி மக்ரூன். "கடிக்கக் கூடாது. நாக்குல வச்சிட்டுச் சும்மா இருக்கணும். அதுவாப் போயிரும்" என்று ஒன்றை நீட்டினார். முந்திரியும் சர்க்கரையும் நாக்கில் கரைந்தபோது எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டு போனார்கள். ஆவுடையப்பன் அவர்களுக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தார். "'மீன் வாங்கிட்டு வாரும்னு சொன்னா, ரொட்டிய வாங்கிட்டு வந்து நிக்கீரே, உம்ம வச்சு நான் என்ன செய்ய?' இது அந்தம்மா. 'மீன்காரன் வரலட்டி, நானா கடல்ல குதிக்க முடியும்?' இது அவரு."

கருணா வயிறு வலிக்கச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இப்போது அவளுக்குள்ளிருந்தே பார்த்தேன். எனக்கும் வயிறு வலித்தது.

அடுத்த ஊரில் வழிகாட்டிக்கே மனசு கேட்கவில்லை. "இன்னிக்கு வேற ரெண்டு பேர் இருக்கட்டும், நீங்க உள்ள போங்க" என்றார். இவர்கள் இருவரும் ஒரே குரலில் "பரவாயில்ல, நாங்களே இருக்கோம்" என்றார்கள். அங்கேதான் குட்டு உடைந்தது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் யாரும் கேட்கவில்லை. பைகளும் பெஞ்சும் இவர்களுடையதாகிவிட்டன. தினம் ஒரு மக்ரூன். எனக்கு மறுக்கப்பட்ட அரண்மனைக் கூரையை நினைத்து நான் கோபப்பட்டிருக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் வரவில்லை. பயணம் முடிகிறதே என்ற துக்கம்தான் வந்தது.

கடைசி நாள், விமான நிலையம். டப்பாவில் கடைசி மக்ரூன் இருந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, "ஊருக்குப் போனதும் ஒரு போன் பண்ணட்டுமா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றாள் கருணா. "எங்கண்ணன் ஒரு மாதிரிங்க."

அதைச் சொன்னபோது அவள் மனதில் தோன்றிய அந்த அண்ணனைப் பார்த்தேன். நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'ஊர் என்ன, ஆளுங்க என்ன, இந்த வயசுல இது என்ன' என்று கேட்கும் மீசைக்காரர். என்னைக் கண்டு நானே பயந்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கருணா தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், தீர்ப்புக்குக் காத்திருப்பவள் போல ஓரமாக நிற்பாள். நான் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு எழுந்துவிடுவேன். கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கம். அறுபது தாண்டிய வயதில், மீசையை வைத்துக்கொண்டு, ஒரு தூத்துக்குடிக்காரரை நினைத்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஒருநாள் தாங்கமுடியாமல், சர்க்கரையாவது ஒன்றாவது என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தூத்துக்குடி மக்ரூன் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே மயில்சாமி நின்றுகொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. கடிக்காமல் வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

"நீ எங்கடா இங்க?"

அவன் கரையும் வரை பொறுத்திருந்து பதில் சொன்னான். "பசங்களுக்கு வாங்க வந்தனுங்கண்ணா."

அவனுடைய பசங்கள் இருவரும் பெங்களூரில் இருக்கிறார்கள். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இப்பத்தாங்க உங்க வீட்டம்மாவும் ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனாங்க" என்றார்.

வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சைக் கண்டால் இப்போது அப்படித்தான்.

"நல்ல மனுசனுங்கண்ணா" என்றான் மயில்சாமி.

"ஆமாண்டா."

"நீங்க கத்துவீங்கன்னுதான் நான் பேசல."

"கத்தறதுக்கு எனக்குத் தெம்பு எங்கிருக்குது? சோறே எறங்க மாட்டேங்குது."

வீட்டுக்குப் போனதும் நேரே அடுப்படிக்குப் போனேன். கருணா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"கருணா, அந்த நம்பருக்கு நானே பேசட்டுமா?"

"எந்த நம்பருங்கண்ணா?"

"மஞ்சப்பை நம்பரு."

ஆவுடையப்பனின் அண்ணன் மகள் கல்யாணத்தில் கொடுத்த பை அது. நம் ஊர் வழக்கப்படி பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம், கீழே பெண்ணைப் பெற்றவரின் போன் நம்பர் எல்லாம் அச்சடித்திருந்தது. ஒன்றரை மாதம் அந்தப் பை பெஞ்சில் இருவருக்கும் நடுவே இருந்திருக்கிறது. கருணாவுக்கு அந்த நம்பர் மனப்பாடம். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கருணா கத்தியைக் கீழே வைத்தாள். "மெரட்டுவீங்களாண்ணா?"

"மெரட்டறதா? பாரு, எனக்கே கை நடுங்குது."

அவள் என் கையைப் பார்த்தாள். அது உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய நடுக்கம்தான் அது என்று அவளுக்குப் புரிந்தது. "பேசுங்கண்ணா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வெங்காயத்தின் மேல் பழிபோட இருவருக்கும் வசதியாக இருந்தது.

நம்பரைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். கரடுமுரடான ஆண் குரல்.

"அலோ, சொரிமுத்து பேசுதேன். யாரு?"

"ஈரோட்டுலிருந்துங்க. என்ற பேரு சென்னியப்பன்."

அந்தக் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"ஒரு மாதிரியான அண்ணன்னு சொன்னாங்கல்லா, அது நீங்கதானா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பங்குப் பயணத்தில் இரண்டு பக்கம் உண்டு என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. அவர்கள் வீட்டிலும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்! 'எங்கண்ணன் ஒரு மாதிரிங்க' என்று அவள் சொன்னபோது ஆவுடையப்பனின் காதால் கேட்டவர்களில் இவரும் ஒருவர்.

"நான்தானுங்க" என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. நானும் ஒரு மாதிரிதான்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. போன வாரம் ஊத்திக்கிட்டோம். அதுலேருந்து வீட்டுல ஒருத்தரும் சரியாச் சாப்பிடல. அந்தப் பிள்ள சிரிக்கும்லா, அது காதுலயே நிக்கி." தாழ்ந்த குரலில் கேட்டார். "நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கறாளுங்க. வெங்காயம் உரிச்சிட்டிருக்கறா."

"சளி புடிச்சிருந்துச்சே, ரோம்ல?"

"அது போயிருச்சுங்க."

"தம்பிகிட்டக் குடுக்கவா? மொட்டமாடில உக்காந்திருக்கான். வந்ததுலேருந்து அங்கதான் கெடக்கான்."

"அவருகிட்ட நான் என்னங்க பேசறது?" என்று போனைக் கருணாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே பூங்கொடியும் வந்தாள். உள்ளே கருணா பேசுவது கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டது. அது எங்கள் வீட்டுச் சுவர்களுக்குப் புதுசு.

முறைப்படி பார்த்துக்கொள்வதற்குப் பவானி கோயிலுக்கு வரச் சொன்னோம். இரண்டு குடும்பமும் கோயிலில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி வைத்துக்கொள்வதுதானே வழக்கம். இங்கே யாருக்கும் யாரையும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பூங்கொடி நேரே போய் ஆவுடையப்பனிடம், "முட்டி வலி எப்படி இருக்குதுங்கண்ணா?" என்று கேட்டாள். மனுஷர் திகைத்துப்போனார். அவர் எங்களைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சொரிமுத்துவின் மனைவி கருணாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மட்டுமல்ல, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அத்தனை பேரும் என் தங்கையை ஒரே மாதிரி பார்த்தார்கள். ஆவுடையப்பன் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள். என் தங்கையை ஒரு வேன் நிறையப் பேர் அப்படிப் பார்த்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

கோபுர வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அது வந்தது. இரண்டு குடும்பத்தின் பைகள், பூக்கூடை, பலகாரத் தூக்கு, தண்ணீர் பாட்டில் எல்லாம் குவிந்து கிடந்தன. கருணா வழக்கம்போலக் குனிந்து ஒரு பையை எடுத்தாள். "நீங்கெல்லாம் உள்ள போயிட்டு வாங்கண்ணா, நான் பையைப்..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் ஆவுடையப்பனும் குனிந்துகொண்டிருந்தார்.

நான் பையை அவள் கையிலிருந்து வாங்கினேன். அதே சமயத்தில் சொரிமுத்து தன் தம்பியிடமிருந்து கூடையைப் பிடுங்கினார்.

"நீ உள்ள போ அம்மிணி. பையை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் நகராமல் நின்றாள். "போ சாமி" என்றேன் மறுபடியும். போனாள். இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

வாசலில் கல் பெஞ்சு ஒன்று இருந்தது. நானும் சொரிமுத்துவும் பைகளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவருக்கு என்னைவிடப் பெரிய மீசை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாரிஸ், வியன்னா, ரோம் என்று இவரோடு எத்தனை பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் காது சூடானது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மஞ்சப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவரும் சும்மா இருந்தார்.

கரைந்து முடிந்ததும் கேட்டார். "அண்ணாச்சி, அந்த வியன்னா அரமனைக்குள்ள என்னதான் இருந்துச்சு? உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்றார் சொரிமுத்து.

இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். உள்ளே போனவர்கள் திரும்பி வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை.